வடமாவட்டத்துப் பிள்ளைகளுக்காக, பள்ளிக்கல்வித் துறைக்கு ஒரு கணக்கு டீச்சரின் திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் பள்ளிக்கல்வித் துறை அமைச்சர், செயலர், இயக்குநர் அவர்களுக்கு,

பத்தாம் வகுப்பு முடிவு வந்த பிறகு வடமாவட்டம் ஒன்றில் நடந்த ஆய்வுக் கூட்டத்தைப் பற்றி, அதில் இருந்த தலைமையாசிரியை ஒருவர் எனக்குப் போன் செய்து சொன்னார். என்னோடு ஒன்பது வருடம் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர். தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களைக் கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். விளக்கம் கேட்டு ஆளுக்கொரு மெமோ. அதெல்லாம் வருடா வருடம் நடப்பதுதான். இந்த முறை மேடையில் இருந்த அதிகாரி கூடவே ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கிறார்: "தெக்கத்திப் பிள்ளைங்களுக்கு ரத்தத்துலயே படிப்பு இருக்கு. இங்க என்ன சொல்லிக் கொடுத்தாலும் மண்டையில ஏறாது. பாஸாவது பண்ண வையுங்க." யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நாலைந்து பேர் சிரித்தார்களாம். போனில் அந்த அம்மாவுக்குக் குரல் உடைந்துவிட்டது.

அதனால்தான் இந்த மடல். அந்த அதிகாரியின் பெயரையோ மாவட்டத்தையோ நான் எழுதப் போவதில்லை. அவர் சொன்னதை வேறு வேறு வார்த்தைகளில் பல பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன். வகுப்பறைக்கு வெளியே டீ குடிக்கும்போது, கலந்தாய்வு வரிசையில் நிற்கும்போது, விடைத்தாள் திருத்தும் முகாமில். ஒருவரைத் தண்டித்து முடிகிற விஷயமாக இது எனக்குத் தெரியவில்லை.

நான் அந்தத் தெக்கத்திக்காரி. சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கண்மாய்க்கரை ஊரில் பிறந்தவள். 2006ல் கணக்குப் பட்டதாரி ஆசிரியர் வேலை கிடைத்தபோது எங்கள் பக்கம் காலியிடமே இல்லை. கலந்தாய்வில் திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியை எடுத்தேன். பதினோரு வருடம் அங்கே இருந்தேன். 2017ல் மாறுதல் வாங்கிக்கொண்டு சொந்த மாவட்டத்துக்கு வந்தேன். ஏழு வருடம் இங்கே வேலை பார்த்துவிட்டு 2024ல் ஓய்வு பெற்றேன்.

அங்கே என் பாடத்தில் தேர்ச்சி ஒரு வருடம் 58 சதவீதம், இன்னொரு வருடம் 71. மிக நல்ல வருடத்தில் 84. இங்கே வந்த முதல் வருடமே நூற்றுக்கு நூறு. மேடையில் ஏற்றிப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கையில் வாங்கும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. அதே பாடப் புத்தகம், அதே டீச்சர், ஒரே வினாத்தாள். சொல்லப்போனால் மலையடிவாரத்தில்தான் அதிகமாக உழைத்தேன். காலை எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் இருட்டும் வரை ஸ்பெஷல் கிளாஸ். வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, இரண்டும் நிச்சயம் வரும் என்பதால் 'மெல்லக் கற்போர்' என்று நாம் பெயர் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு அதை மட்டும் நூறு தடவை போட வைத்திருக்கிறேன். காம்பஸ் இல்லாத பையன் தேங்காய் நார்க் கயிற்றில் சாக்பீஸைக் கட்டித் தரையில் வட்டம் போட்டதைப் பார்த்திருக்கிறேன். வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி வைத்து அங்கிருந்து தொடுகோடு வரைந்து காட்டினான். ரத்தத்தில் படிப்பு இல்லாத பிள்ளை செய்கிற வேலையா அது?

சரி, என் அனுபவம் ஒரு பள்ளி, ஓர் ஆள் சம்பந்தப்பட்டது. உங்கள் துறை வெளியிட்ட எண்களையே எடுத்துக்கொள்வோம்.

2024 பத்தாம் வகுப்பில் மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதம். முதலிடம் அரியலூர், 97.31. கடைசி வேலூர், 82.07. 2025ல் மாநிலம் 93.80. முதலிடம் சிவகங்கை, 98.31. கடைசி மறுபடியும் வேலூர். அதற்கு முந்தைய 2023ல் கடைசி ராணிப்பேட்டை. அதுவும் 2019 வரை வேலூர் மாவட்டமாக இருந்ததுதான். 2024 பிளஸ் டூவில் கடைசி, நான் வேலை பார்த்த திருவண்ணாமலை. பழைய வட ஆற்காட்டு மாவட்டங்கள் இந்தப் பட்டியலின் அடியிலேயே கிடக்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. அதற்கு நீங்கள் சொல்லும் காரணத்தைத்தான் மறுக்கிறேன்.

முதலிடம் பிடித்த அரியலூரைப் பாருங்கள். மாநிலத் திட்டக்குழு வெளியிட்ட 2017ஆம் ஆண்டு மனித மேம்பாட்டு அறிக்கையில் எல்லா மாவட்டங்களுக்கும் கடைசியில் இருந்தது அரியலூர்தான். குறியீடு 0.282. முதலில் இருந்த கன்னியாகுமரிக்கு 0.944. வருமானம், உடல்நலம், கல்வி எல்லாம் சேர்ந்த கணக்கு அது. அந்த அரியலூர் 2024ல் பத்தாம் வகுப்பில் முதலிடம், 2025ல் பிளஸ் டூவிலும் முதலிடம், 98.82. அதே அறிக்கையில் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்த பெரம்பலூர் 2023ல் பத்தாம் வகுப்பில் முதலிடம். அறிக்கை வந்து பத்து வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு மாவட்டத்து மக்களின் ரத்தம் மாறிவிடுமா?

'ரத்தம்' என்று சொல்லக் கூசுகிறவர்கள் 'வருமானம்' என்பார்கள். ஏழை மாவட்டம், அதனால் மார்க் வராது என்று. கேட்க இரக்கமாக இருக்கும். ஆனால் அதுவும் கையை விரிக்கிற பேச்சுதான். ஏழ்மைதான் காரணம் என்றால் அரியலூரும் பெரம்பலூரும் சிவகங்கையும் ராமநாதபுரமும் மேலே இருக்கக் கூடாது. ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் வைத்திருக்கும் காஞ்சிபுரமும், பக்கத்துத் திருவள்ளூரும் கீழே இருக்கக் கூடாது. 2024 பத்தாம் வகுப்பில் அந்த இரண்டு மாவட்டங்களும் மாநில சராசரியைத் தொடவில்லை. கார் கம்பெனியின் உற்பத்தி மாவட்ட வருமானக் கணக்கில் ஏறும். அந்தக் கம்பெனி மதில் ஓரம் செங்கல் அறுக்கிற குடும்பத்தின் தட்டில் ஏறாது. மாவட்டத்தின் தலைக்கு இவ்வளவு என்கிற கணக்கை வைத்து, அந்த மாவட்டத்துப் பிள்ளையின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது.

தாய் தகப்பன் படிக்காதவர்கள் என்பது அடுத்த காரணம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஈரோட்டின் எழுத்தறிவு சுமார் 73 சதவீதம், வேலூர் சுமார் 79. படிக்கத் தெரிந்தவர்கள் வேலூரில்தான் அதிகம். ஆனால் 2024 பிளஸ் டூவில் ஈரோடு 97.42 வாங்கி முன்வரிசையில் நிற்கிறது.

என்னோடு வேலை பார்த்த படித்த நண்பர் ஒருவர், "இது உலகம் முழுக்க இருக்கிறது டீச்சர், ஆராய்ச்சியே இருக்கிறது" என்று சொன்னார். அவர் சொன்னது ரிச்சர்ட் லின் என்ற பிரிட்டிஷ் உளவியலாளரின் வாதம். இத்தாலியின் தெற்கு ஏழையாக இருப்பதற்கு அங்குள்ளவர்களின் அறிவுத்திறன் குறைவு என்பதே காரணம் என்று 2010ல் எழுதினார். பல நாட்டுப் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடக்கும் பிசா என்ற ஒப்பீட்டுத் தேர்வின் மதிப்பெண்களை எடுத்து அதையே அறிவுத்திறன் என்று வைத்துக்கொண்டார். இத்தாலிய ஆய்வாளர்களே அதை மறுத்து எழுதினார்கள். பள்ளி மதிப்பெண் பள்ளியைத்தானே முதலில் காட்டும்? இத்தாலி ஒரே நாடான 1861ல் வடக்கே பீட்மாண்டில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும். சிசிலியில் பத்தில் ஒருவருக்குத்தான். பந்தயமே வேறு வேறு இடத்தில் தொடங்கியிருக்கிறது.

இதே லின் 1970களின் கடைசியில், பிரிட்டிஷ் தீவுகளிலேயே அயர்லாந்துக்காரர்களுக்குத்தான் அறிவுத்திறன் குறைவு என்றும் எழுதியவர். அந்த அயர்லாந்து 2022 பிசா வாசிப்புத் தேர்வில் ஐரோப்பாவில் முன்னால் நிற்கிறது. நடுவில் நடந்தது என்ன? 1967ல் இடைநிலைக் கல்வியை இலவசமாக்கினார்கள். தூரத்துக் கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்து விட்டார்கள். அப்புறம் ஒரு தலைமுறை காத்திருந்தார்கள். பேருந்து வந்தால் மார்க் வரும் என்பதை மலையடிவாரத்தில் வேலை பார்த்த எந்த டீச்சரும் ஆராய்ச்சி இல்லாமலே சொல்வார்.

இனி நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். என் பங்கும் இதில் இருக்கிறது.

2017 ஜூனில் மாறுதல் ஆணை கையில் வந்ததும் அன்றைக்கே விடுவிப்பு வாங்கிக்கொண்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, என் மகன் பாட்டி வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தான், பதினோரு வருடம் ஆகிவிட்டது. எனக்கு நியாயம் இருந்தது. ஆனால் என் இடத்துக்கு யாரும் வரவில்லை. அந்தப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் பணியிடம் பதினான்கு மாதம் காலியாகக் கிடந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகம் ஊரிலேயே பி.எஸ்சி. முடித்த ஒரு பெண்ணைச் சொற்பச் சம்பளத்துக்கு வைத்தது. நவம்பரில் அவருக்குக் கல்யாணம், போய்விட்டார். அப்புறம் அறிவியல் டீச்சர்தான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எனக்கு ஒரு போன் வந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளை. அம்மாவின் போனிலிருந்து பேசினாள். "டீச்சர், மூலங்களின் தன்மை எப்படிக் கண்டுபிடிக்கறது? கணக்குக்கு யாரும் வரல டீச்சர்." அதற்கான தன்மைகாட்டிச் சூத்திரத்தைப் போனிலேயே சொல்லிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு ஸ்பீக்கர் போட்டு எட்டுப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி நோட்டில் போட்டு, போட்டதை அப்படியே படித்துக் காட்டுவாள், தப்பு இருந்தால் நான் சொல்வேன். போட்டோ அனுப்புகிற மாதிரிப் போன் அந்தத் தெருவில் யாரிடமும் இல்லை. இப்படியே மார்கழி வரை ஓடியது. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 93 வாங்கியிருப்பதாகச் சொன்னாள். ஸ்பீக்கருக்குப் பின்னால் மற்ற பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பொங்கல் முடிந்த பிறகு போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பிறகு தெரிந்தது, குடும்பத்தோடு திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். தீபாவளிக்கே முன்பணம் வாங்கியாகிவிட்டது. கல் அறுக்க அப்பனும் அம்மாவும், அறுத்த கல்லைத் திருப்பிப் போட இவள், தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் இவள். தேர்வுக்கு மூன்று நாள் முன்பு சித்தப்பா போய்க் கூட்டி வந்திருக்கிறார். தேர்வு எழுதினாள். கணக்கில் 47.

உங்கள் கணக்கில் அந்தப் பிள்ளை பாஸ். தேர்ச்சி விழுக்காட்டில் அவள் ஒரு குறையும் இல்லாத எண். 93 எப்படி 47 ஆனது என்று எந்த ஆய்வுக் கூட்டத்திலும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு பதில் கிடைத்திருக்கும்: அந்த வகுப்பில் கணக்கு டீச்சர் இல்லை, தை முதல் பங்குனி வரை அந்தப் பிள்ளையே ஊரில் இல்லை. அந்தப் பள்ளியில் அந்த வருடம் 62 பேர் எழுதி 29 பேர் கணக்கில் பெயில். மெமோ தலைமையாசிரியருக்குப் போனது. காலியிடத்தை நிரப்பாதவர்களுக்கு எந்த மெமோவும் போகவில்லை. பணியிடத்தைக் காலி செய்துவிட்டு வந்த எனக்கு இங்கே சான்றிதழ்.

இது ஒரு பள்ளியின் கதை மட்டும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் தென்மாவட்டங்களில் அதிகம். புது நியமனம் வந்தால் காலியிடம் இருக்கும் வடமாவட்டத்துக்குத்தான் போகிறோம். போனது முதலே பொது மாறுதல் கலந்தாய்வு எப்போது என்று நாள் எண்ணுகிறோம். இடம் கிடைத்ததும் தெற்கே வந்துவிடுகிறோம். தெற்கே 'உபரி ஆசிரியர்' பேச்சு, வடக்கே காலிப் பணியிடம். நியமனம், மாறுதல், காலியிடம், தேர்ச்சி குறைவு, மெமோ, மறுபடி நியமனம் என்று ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதன் நடுவில் பிள்ளைகள் மட்டும் எங்கும் மாறுதல் கேட்க முடியாமல் இருக்கிறார்கள்.

தெற்கு இன்று இருக்கும் நிலை ஒரே நாளில் வந்ததில்லை. 1800களின் தொடக்கத்திலேயே கன்னியாகுமரிப் பக்கத்து மயிலாடியில் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் மிஷனரி பள்ளி தொடங்கினார். நெல்லைச் சீமையில் மிஷன் பள்ளிகள் ஊர் ஊராகப் பரவின. விருதுநகரில் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து 1880களில் க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளியைக் கட்டினார்கள். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 1947ல் கல்லூரி தொடங்கினார். வேலூரிலும் ஆற்காடு மிஷன் இருந்தது, ஊரீஸ் கல்லூரி இன்றும் இருக்கிறது. ஆனால் டவுனைத் தாண்டி, மலையடிவாரத்துக்கும் ஏரிக்கரைச் சேரிக்கும் அந்த வலை விரியவில்லை. என் அம்மாவின் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். நான் மலையடிவாரத்தில் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளில் பாதிப் பேர் அவர்கள் குடும்பத்திலேயே முதல்முறையாகப் பத்தாம் வகுப்பைத் தொட்டவர்கள். எங்கள் பக்கம் அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தாலும் பிள்ளை ஊரில் பாட்டியோடு இருக்கும், பள்ளிக்கு வரும், சாயங்காலம் டியூஷன் போகும். அந்தப் பக்கம் வேலைக்குப் போனால் குடும்பமே மூட்டையைக் கட்டும். பெங்களூரு கட்டட வேலை, கரும்பு வெட்டு, சூளை, கர்நாடகக் காப்பித் தோட்டம். வித்தியாசம் இதில்தான் இருக்கிறது, பிள்ளைகளின் மூளையில் இல்லை.

2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் நான் அப்போது வேலை பார்த்த மலைப் பக்கத்து ஊர்க்காரர்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக் காலம் அது. மறுநாள் பள்ளியில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருடமும் எங்கள் மாவட்டத் தேர்ச்சி குறைவு என்று விளக்கம் கேட்டார்கள். விளக்கத்தில் இதை எழுதலாமா என்று தலைமையாசிரியர் என்னிடம் கேட்டார். "வேண்டாம் சார், வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள்" என்று நான்தான் சொன்னேன். இன்றைக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

இந்த அரசுகள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. மதிய உணவு இல்லாவிட்டால் என் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாக இருந்திருக்கும். 2022ல் தொடங்கிய காலை உணவு, ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எத்தனை பிள்ளைகளின் முகத்தை மாற்றியிருக்கிறது என்பதை ஓய்வு பெறும் முன் என் கண்ணால் பார்த்தேன். உங்களால் முடியும் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2017ல் ஒரு நல்ல காரியம் செய்தீர்கள். பத்து, பிளஸ் டூ தேர்வுகளில் மாநில முதல் மூன்று இடம் என்று அறிவிப்பதை நிறுத்தினீர்கள். பிள்ளைகளுக்கு நடுவில் போட்டியும் மன உளைச்சலும் வேண்டாம் என்றீர்கள். சரியான முடிவு. ஆனால் மாவட்டங்களை வரிசைப்படுத்தும் பட்டியல் மட்டும் அப்படியே தொடர்கிறது. ஒரு பிள்ளையை 'நீ கடைசி' என்று சொல்வது தப்பு என்றால், ஒரு மாவட்டத்தின் மொத்தப் பிள்ளைகளையும் வருடா வருடம் கடைசி என்று டிவியில் ஓட விடுவது எப்படிச் சரியாகும்? அந்தப் பட்டியல்தானே ஆய்வுக் கூட்ட மேடை வரைக்கும் போய், 'ரத்தம்' என்ற வார்த்தையாக வெளியே வருகிறது?

அது மட்டுமில்லை, பட்டியலில் மேலே ஏறுவதற்குக் குறுக்கு வழியும் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே தேறாத பிள்ளையிடம் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்வது, டுடோரியலில் போய் எழுது என்று அனுப்புவது, தேர்வு எழுதுவோர் பட்டியலான நாமினல் ரோலில் பெயரே வராமல் பார்த்துக்கொள்வது. மேலே இருக்கும் பள்ளிகளிலும் இது நடக்கிறது, கீழே இருக்கும் பள்ளிகளிலும் நடக்கிறது. என்னையும் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கே சுமார் 50,000 பேர் வரவில்லை என்று செய்தி வந்தபோது எல்லோரும் அதிர்ச்சி அடைந்தார்கள். வராத பிள்ளை தேர்ச்சி விழுக்காட்டில் எந்த மாவட்டத்தையும் கீழே இறக்காது. எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்றுதானே பார்க்கிறோம்.

நான் கேட்பது இவைதான்.

முதலில், குறைந்த தேர்ச்சிக்காகத் தலைமையாசிரியர்களுக்குக் கொடுத்த மெமோக்களில், அந்தப் பாடத்துக்கு அந்த வருடம் ஆசிரியரே இல்லாத பள்ளிகளுக்குக் கொடுத்தவற்றை ரத்து செய்யுங்கள். பிள்ளைகளின் பிறப்பையும் ஊரையும் சாதியையும் தொட்டு மேடையில் பேசக் கூடாது என்று எல்லா முதன்மைக் கல்வி அலுவலகங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

அடுத்து, மாவட்ட வாரியாகத் தேர்ச்சியை வெளியிடுவதாக இருந்தால் அதே வரிசையில் இன்னும் மூன்று எண்களைச் சேர்த்து வெளியிடுங்கள். அந்த மாவட்டத்தில் கல்வியாண்டின் முதல் நாளில் எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, பத்தாம் வகுப்புக்குப் பாட ஆசிரியர் இல்லாமல் போன வேலை நாட்கள் எத்தனை, முந்தைய ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் தேர்வு எழுதினார்கள். எல்லாம் எமிஸ் என்கிற உங்கள் துறையின் கணினித் தகவல் தொகுப்பில் இருக்கிற விவரம்தான். தினம் காலையில் ஆசிரியர்களை உட்கார்ந்து பதியச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறீர்கள்.

மாறுதல் விஷயத்தில் நான் கேட்பது என்னைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பிடிக்காது. பரவாயில்லை. வடமாவட்டங்களில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ எடுக்கும் ஆசிரியருக்கு மாறுதல் கிடைத்தாலும், அந்த இடத்துக்கு ஆள் வந்து பணியேற்ற பிறகே விடுவிக்க வேண்டும். ஆள் வர எத்தனை நாள் என்று துறைக்கு ஒரு கெடு வையுங்கள், ஆசிரியரை வருடக்கணக்கில் பிடித்து வைக்கவும் கூடாது. மலைப் பகுதிக்கும் அடிவாரத்துக்கும் போகிற ஆசிரியருக்குக் குடியிருப்பும் கூடுதல் படியும் கொடுங்கள். நான் முதல் இரண்டு வருடம் பஸ்சில் போக வர நாலு மணி நேரம் செலவழித்தேன். ஊருக்குள் வாடகைக்கு ஒரு வீடு கிடைத்த பிறகுதான் காலை ஸ்பெஷல் கிளாஸே எடுக்க முடிந்தது. கூடவே அந்த மாவட்டத்துப் பிள்ளைகளையே ஆசிரியர்களாக்க அங்கே உதவித்தொகையோடு பி.எட். இடங்களை ஒதுக்குங்கள். அந்த ஊரில் பிறந்தவர் அங்கேயே இருப்பார்.

கடைசியாக, சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பங்கள் போகிற ஒன்றியங்களில், பொங்கல் முடிந்த மறுநாளிலிருந்து தேர்வு முடியும் வரை அந்தந்த உயர்நிலைப் பள்ளியிலேயே பிள்ளைகள் தங்கிச் சாப்பிட்டுப் படிக்க ஏற்பாடு செய்யுங்கள். பெண் பிள்ளைகளுக்கு ஒரு காப்பாளர், இரண்டு வேளைச் சமையலுக்கு ஆள், கதவு பூட்டுகிற கழிப்பறை, ராத்திரி வெளிச்சம். மூன்று மாதம்தான். எந்தெந்தக் குடும்பம் போகிறது என்பது தீபாவளிக்கே ஊரில் தெரிந்துவிடும். முன்பணம் கொடுக்கிற மேஸ்திரிக்குத் தெரிகிற விவரம் அரசுக்குத் தெரியாமல் இருக்காது.

அடுத்த பொது மாறுதல் கலந்தாய்வு அறிவிப்பு வருவதற்கு முன் இவற்றில் எதைச் செய்யப் போகிறீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று பொதுவில் சொல்லுங்கள். தங்கிப் படிக்கிற ஏற்பாட்டை நான் வேலை பார்த்த அந்த மலையடிவாரப் பள்ளியில் தொடங்குவதாக இருந்தால், இந்தத் தை முதல் தேர்வு வரை கணக்குப் பாடத்துக்கு நான் வந்து இருக்கத் தயார். சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குப் பட்டதாரி ஆசிரியை ஒருத்தி,
சிவகங்கை மாவட்டம்